உருக்குவதற்கு முன் ஒரு கேள்வி: பாட்டியின் பவுன் காசு எங்கிருந்து வந்தது?



"பழைய பொருளில் புதிய நகை" என்பது இன்றைய அரங்கில் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. பழைய நாணயம், பழைய மணி, உடைந்த ஆபரணத்தின் ஒரு துண்டு ஆகியவற்றைக் கொண்டு கையாலேயே நகை செய்து அணிவது உலகெங்கும் ஒரு புதுப் பாணியாகப் பேசப்படுகிறது. பேசுகிறவர்கள் பேசட்டும். நம் பாட்டிமார்களுக்கு இது புதிதே அல்ல. காசுமாலை என்பது வேறு என்ன? கடையில் கொடுத்துச் சாமான் வாங்க வேண்டிய நாணயத்துக்கு ஒரு வளையம் பற்றவைத்து, வரிசையாகக் கோத்து, கழுத்தில் போட்டுக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

இதை இன்று பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2025 அக்டோபரில் தங்கத்தின் விலை ஓர் அவுன்சுக்கு 4,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது. இப்படிப்பட்ட நேரத்தில் பீரோவில் கிடக்கும் பழைய நகை நம்மைப் பார்த்துச் சிரிக்கும். கொண்டுபோய்க் கொடுத்தால் புது டிசைனில் ஒன்று வாங்கலாம், அல்லது பிள்ளையின் படிப்புச் செலவைப் பார்த்துக்கொள்ளலாம். அதில் தவறு ஒன்றும் இல்லை. தங்கம் வாங்கி வைத்ததே ஆபத்துக்கு உதவத்தான். ஆனால் உருக்கு உலைக்குள் போகும் முன்பு அந்த நகையிடம் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பவுன் என்பது எடையா, காசா?

"எத்தனை பவுன் போட்டார்கள்?" என்று கேட்காத கல்யாண வீடு நம்மிடையே கிடையாது. இன்று பவுன் என்றால் 8 கிராம் எடை. ஆனால் அது முதலில் எடையே அல்ல, ஒரு நாணயம். இங்கிலாந்தின் ஒரு பவுண்டு மதிப்புள்ள 'சாவரின்' என்னும் தங்க நாணயத்தைத்தான் நம்மவர்கள் பவுன் என்றார்கள். இன்று நாம் காணும் வடிவில் அது முதலில் அச்சடிக்கப்பட்ட ஆண்டு 1817. ஒரு பக்கம் அரசர் அல்லது அரசியின் தலை. மறுபக்கம் குதிரை மீதிருந்து நாகத்தைக் கொல்லும் புனித ஜார்ஜ். அந்தக் குதிரையை வடித்தவர் பெனடெட்டோ பிஸ்ட்ருச்சி என்னும் இத்தாலியக் கலைஞர்.

அந்தக் காசின் எடை 7.988 கிராம். நாம் அதை 8 என்று முழுமையாக்கிக்கொண்டோம். தூய்மை 22 காரட். அதாவது 24 பங்கில் 22 பங்கு தங்கம். இதை ஆயிரத்துக்குக் கணக்கிட்டால் 916 வரும். நகைக்கடைப் பலகைகளில் நாம் தினமும் பார்க்கும் எண்தான் இது. இங்கிலாந்தில் நாணயத்துக்கு 22 காரட் தங்கம் முதன்முதலில் பயன்பட்டது எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில், 1526-இல். லண்டன் நாணயசாலையின் அளவுகோல் இப்படி நம் வீட்டுப் பேச்சுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

லண்டனில் மட்டும் இந்தக் காசு அடிக்கப்படவில்லை. ஆஸ்திரேலியாவில் தங்கம் கண்டெடுக்கப்பட்ட பிறகு சிட்னியில் 1855-லும், மெல்பர்னில் 1872-லும், பெர்த்தில் 1899-லும் நாணயசாலைகள் திறக்கப்பட்டன. பின்னர் கனடாவின் ஒட்டாவாவிலும் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவிலும் அடித்தார்கள். முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1918-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் பம்பாயிலும் சுமார் 13 லட்சம் காசுகள் அடிக்கப்பட்டன. வெளியூர்களில் அடித்த காசில் அந்தந்த ஊருக்கு ஒரு சிறு எழுத்து உண்டு. பெரும்பாலான காசுகளில் குதிரையின் காலடித் தரையில், ஆண்டு எண்ணுக்குச் சற்று மேலே, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியும்: 'எம்' என்றால் மெல்பர்ன், 'பி' என்றால் பெர்த், 'ஐ' என்றால் இந்தியா.

ஆகவே நம் வீட்டுப் பாட்டியின் மாலையில் 'பி' எழுத்துள்ள காசு ஒன்று இருந்தால், அது மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைவனத்தில் தோண்டிய தங்கமாக இருக்கலாம். சுங்கை சிப்புட்டிலோ சிரம்பானிலோ பால் மரம் சீவிய கைகளுக்கு அது எப்படி வந்து சேர்ந்தது? அதற்கு முன், காசைக் கழுத்தில் கட்டும் பழக்கம் எவ்வளவு பழையது என்பதைப் பார்த்துவிடுவோம்.

ரோமாபுரியிலிருந்து தொடரும் பழக்கம்

ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் மிளகும் முத்தும் வாங்க வந்த ரோமானிய வணிகர்கள் தங்கக் காசு கொண்டுவந்தார்கள் என்பது நாம் பள்ளியில் படித்த செய்தி. 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் ஒரே புதையலில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் மேல் உளியால் வெட்டிய தழும்பு இருந்தது. இனி இது காசாகச் செல்லாது, வெறும் தங்கமாகத்தான் செல்லும் என்பதற்கான அடையாளம் அது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

இந்தியாவில் கிடைத்த வேறு சில ரோமானியக் காசுகளுக்கு வேறு விதமான வரவேற்பு. அரசனின் தலைக்கு மேலே இரண்டு சிறு துளைகள் போட்டிருந்தார்கள். ஒரு துளை போட்டால் காசு சுழலும்; இரண்டு போட்டு நூல் கோத்தால் முகம் நேராக நிற்கும். தக்காணத்தின் பல ஊர்களில் ரோமானியக் காசைப் போலவே களிமண்ணில் அச்செடுத்து, கோப்பதற்குத் துளையோ காதோ வைத்துச் செய்த பதக்கங்களும் கிடைத்துள்ளன. தங்கக் காசு வாங்க முடியாதவர்களும் அந்த அழகை விட்டுவிடவில்லை!

முகத்தை வெட்டி உலோகமாக்குவது ஒரு வழி. முகம் தெரியும்படி மாலையாக்குவது இன்னொரு வழி. பழையதைப் புதிதாக்கும் இந்த இரண்டு வழிகளும் அன்றே இருந்தன. இன்று நம் பீரோவின் முன் நிற்கும் கேள்வியும் இதே இரண்டுக்கும் இடையில்தான்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். கெடா மாநிலத்தில் சுங்கை மாஸ் என்று ஓர் இடம். பெயருக்குப் பொருள் தங்க ஆறு. ஆனால் அகழ்வாய்வில் அங்கே மிகுதியாகக் கிடைத்தவை சின்னஞ்சிறு கண்ணாடி மணிகள். புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் செய்யப்பட்ட அதே வகை மணிகள் அங்கேயும் செய்யப்பட்டதற்குத் தடயங்கள் உண்டு. சரவாக்கில் கெலாபிட் இனப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வந்த பழைய மணிகளை இன்றும் அவிழ்த்து, புது நூலில் கோத்து, தொப்பியாகவும் மாலையாகவும் அணிகிறார்கள். மணி பிழைத்தது ஏன்? உருக்கினால் அதற்கு விலை இல்லை. தங்கம் பிழைக்காமல் போனது ஏன்? உருக்கினாலும் அதற்கு விலை உண்டு. தங்கத்தின் பெருமையே தங்க நகைக்கு எமனாகிவிட்டது என்றால் அது மிகையாகாது.

லயத்துப் பெண்ணின் வங்கி

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் 1899-இல் ஒரு பவுன் காசுக்கு 15 ரூபாய் என்று அரசாங்கமே மதிப்பு நிர்ணயித்து, அதைச் செல்லுபடியாகும் பணமாக்கியது. நீரிணைக் குடியேற்றப் பகுதிகளிலும் 1906-இல் வெள்ளியின் மதிப்பு தங்கத்தோடு இணைக்கப்பட்டது. 7 பவுன் காசுக்கு 60 வெள்ளி. அதாவது ஒரு காசுக்கு 8 வெள்ளி 57 காசு.

இதைத் தோட்டப்புறக் கூலியோடு வைத்துப் பாருங்கள். 1920-களின் இறுதியில், போக்குவரத்து வசதியுள்ள வட்டாரங்களில், இந்தியத் தொழிலாளர்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. விடியற்காலையில் பிரட்டுக்கு நின்று, வெட்டுமரத்துக்குப் போய், பால் எடுத்து வந்த ஒரு பெண், ஒரு காசுகூடச் செலவழிக்காமல் சேர்த்தாலும் ஒரு பவுன் வாங்க 21 நாள் உழைப்பு போதாது. அரிசி, பருப்பு, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக மிச்சம் பிடித்து ஒரு காசு வாங்க எத்தனை மாதம் ஆகியிருக்கும்! அரைப் பவுன் காசும் உண்டு. அதற்கும் பத்து நாளுக்கு மேல்.

அந்தக் காசை அவர்கள் ஏன் நகையாக்கினார்கள்? லயத்து வீட்டுக்குப் பூட்டு ஏது? பெட்டியில் வைத்தால் களவு போகும். புருஷன் கையில் கொடுத்தால் கள்ளுக்கடைக்குப் போனாலும் போகும். கழுத்தில் இருந்தால் கண்ணெதிரே இருக்கும். அது அலங்காரமும் ஆகும், சேமிப்பும் ஆகும். அவசரத்துக்கு அடகுக் கடையில் வைக்கலாம். காசில் அரசின் முத்திரை இருப்பதால், எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணையும் எடையிலோ மாற்றிலோ ஏமாற்றுவது கடினம். நகை செய்பவர் கலப்படம் செய்வாரோ என்ற பயமும் வேண்டாம். காசை அவர் தொட வேண்டியதில்லை, காதை மட்டும் வைத்தால் போதும்.

1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க அடிப்படையைக் கைவிட்டது. தங்கத்தின் விலை காசின் முகமதிப்பை விட்டு ஏறத் தொடங்கியது. அதே நேரத்தில்தான் உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலை சரிந்து, கூலி குறைந்து, ஆயிரமாயிரம் தொழிலாளர்கள் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். காசுமாலைகளில் ஒவ்வொரு காசாகக் கழன்று போன காலம் அது. அதையும் தாண்டி, பிறகு ஜப்பானியர் காலத்தையும் தாண்டி, ஒரு வீட்டில் இன்று நான்கு காசு மிச்சம் இருக்கிறதென்றால், அந்த நான்கையும் காப்பாற்ற ஒரு பெண் எதை எதைத் துறந்திருப்பாள் என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்று இனம், ஒரே காசு

பவுன் காசு நம் ஒருவருக்கு மட்டும் சொந்தமானதல்ல. மலாய் மொழியிலும் அதற்குப் 'பாவுன்' என்றே பெயர். மலாய்ப் பெண்களின் குரோங்சாங் ஊசிகளிலும் சங்கிலிகளிலும் பவுன் காசைப் பதிக்கும் வழக்கம் இருந்தது. மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் பெரானாக்கான் குடும்பங்களின் நகைகளிலும் நாணயங்கள் இடம்பெற்றன. நீரிணைக் குடியேற்றப் பகுதியின் வெள்ளிக் காசுக்குப் பின்னால் வளையம் பற்றவைத்துச் சட்டைப் பொத்தானாக்கியவர்களும் உண்டு. ஸ்பானிய, மெக்சிகோ டாலர்கள் இங்குப் புழங்கிய காலத்தில், வெள்ளி வேலைக்காரர்களுக்கு அவையே மூலப்பொருள்.

ஓர் இனத்தின் நகையை இன்னோர் இனத்தவர் செய்து கொடுத்ததும் இந்த மண்ணின் சிறப்பு. பெரானாக்கான் நகைகளைச் சீனப் பொற்கொல்லர்கள் மட்டும் செய்யவில்லை; இந்திய, இலங்கைக் கைவினைஞர்களும் செய்தார்கள். இலங்கையின் காலியிலிருந்து வந்த பாலகே பொரோலிஸ் டி சில்வா 1872-இல் சிங்கப்பூரில் தொடங்கிய நகைக்கடை பெரும் புகழ் பெற்றது. யாழ்ப்பாணத் தமிழர் குடும்பங்களின் தாலிக்கொடியில் தங்க நாணயம் கோக்கும் வழக்கமும் மலாயாவுக்கு வந்தது. விக்டோரியா மகாராணியின் தலை ஒருபுறம் தாலிக்கொடியிலும் மறுபுறம் குரோங்சாங்கிலும் தொங்கியது. காலனி ஆட்சியாளரின் முகத்தை நம் பெண்கள் மங்கலப் பொருளாக மாற்றிவிட்டார்கள்.

பத்தரின் பொடி

காசுக்குக் காது வைப்பது பார்க்கச் சிறிய வேலை. செய்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் நுட்பம் புரியும். காசையும் வளையத்தையும் ஒட்ட வைக்க, அவற்றைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும் ஒரு கலவை வேண்டும். அதற்குப் பொற்கொல்லர் வழக்கில் 'பொடி' என்று பெயர். வெங்காரத்தோடு சேர்த்துப் பொடியை வைத்து, ஊதுகுழலால் சுடரை அந்த ஒரு புள்ளியில் மட்டும் ஊத வேண்டும். கொஞ்சம் கூடினால் அரசியின் முகம் உருகிவிடும்; குறைந்தால் காது கழன்றுவிடும். 'பொடி வைத்துப் பேசுகிறார்' என்று நாம் சொல்வதும் இந்தப் பட்டறையைத்தான் நினைவூட்டுகிறது.

இன்னும் நல்ல பத்தர்கள் காசில் நெருப்பையே படவிடமாட்டார்கள். காசின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும் ஒரு கூடு செய்து, அதில் காசை உட்கார வைத்துவிடுவார்கள். நாளைக்கே தேவையென்றால் காசைச் சேதமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த தலைமுறைக்கு வழிவிட்டுச் செய்த வேலை என்று இதைச் சொல்லலாம்.

இந்தக் கை இன்று அருகி வருகிறது. அச்சில் வார்த்த நகைகள் கடைகளை நிறைத்துவிட்டன. நம் நாட்டில் நகைத்தொழில் உட்பட மூன்று துறைகளுக்கு அந்நியத் தொழிலாளர் சேர்ப்பு 2009-இல் நிறுத்திவைக்கப்பட்டது. 2023-இல்தான் மீண்டும் அனுமதி பற்றிய அறிவிப்பு வந்தது. ஆள் எங்கிருந்து வந்தாலும், வேலை இருந்தால்தான் கை பழகும். பழைய நகையைக் கொடுத்துவிட்டு அச்சு நகையை வாங்கி வரும்போது, பத்தருக்குப் போக வேண்டிய ஒரு நாள் வேலையும் சேர்ந்து உருகிவிடுகிறது.

பெயர் இழந்த பொன்

உருகிய நகைக்கு என்ன ஆகும் என்பதற்கு நம் சரித்திரத்திலேயே ஒரு சாட்சி உண்டு. 1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து இந்திய சுதந்திரப் போராட்டத்தின் தலைமையை ஏற்றபோது, மலாயாத் தமிழ்ப் பெண்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். கோலாலம்பூர்க் கூட்டத்தில் தம் காதணிகளைக் கழற்றிக் கொடுத்த இளம்பெண் ஜானகி தேவர், பின்னர் ஜான்சி ராணிப் படையின் தளபதிகளுள் ஒருவரானார். மலேசிய மேலவை உறுப்பினராகவும் பணியாற்றி, 2014-இல் மறைந்த ஜானகி ஆதி நாகப்பன்தான் அவர்.

1945 ஆகஸ்ட் 18-ஆம் நாள் தைப்பேயில் நடந்த விமான விபத்துக்குப் பிறகு, நேதாஜியோடு சென்ற பெட்டிகளிலிருந்து கருகி உருகிய நகைகள் மீட்கப்பட்டன. 1952-இல் அவை டோக்கியோவிலிருந்து புதுடில்லிக்குக் கொண்டுவரப்பட்டு, தேசிய அருங்காட்சியகத்தின் பாதுகாப்பில் வைக்கப்பட்டன. அந்தக் கட்டியில் எது யார் கழுத்துத் தாலி, எது யார் காதுத் தோடு என்று இனி யாரால் சொல்ல முடியும்? எடை இருக்கிறது, மாற்று இருக்கிறது, பெயர் மட்டும் இல்லை. அந்தப் பெண்கள் ஒரு நாட்டின் விடுதலைக்காகத் தெரிந்தே பெயரை இழந்தார்கள். நாம் புது டிசைன் வளையலுக்காக அதைத் தெரியாமல் இழக்கலாமா?

என்ன செய்யலாம்?

முதலாவதாக, பார்க்க வேண்டும். காசில் ஆண்டு இருக்கும், தலை இருக்கும், ஊர் எழுத்து இருக்கும். விக்டோரியா என்றால் 1901 வரை, ஏழாம் எட்வர்டு என்றால் 1902 முதல் 1910 வரை, ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1911 முதல். ஒரு மாலையில் 1918-ஆம் ஆண்டுக் காசு இருந்தால், அந்த மாலை அதற்கு முன்பு இன்றைய வடிவில் கோக்கப்பட்டிருக்க முடியாது. நம் குடும்பத்தில் எழுதிய ஆவணம் ஒன்றும் இல்லாமல் போகலாம்; ஆண்டு பொறித்த ஆவணம் கழுத்திலேயே இருக்கிறது. அதே சமயம் எல்லாக் காசும் அசல் என்று எண்ணிவிட வேண்டாம். மாலைக்காகவே அரசர் தலையோடு செய்த போலிக் காசுகளும் உண்டு. காது நீக்கிய அசல் காசு 8 கிராமுக்கு ஒரு மயிரிழை குறைவாக இருக்கும். குறுக்களவு 22 மில்லிமீட்டர்.

இரண்டாவதாக, எழுத வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் கொடுத்த நகைகளின் எடை, முத்தின் எண்ணிக்கை, கல்லில் இருந்த குறை வரை கல்வெட்டில் பொறித்திருக்கிறார்கள். அந்த நகைகள் இன்று கண்ணில் படவில்லை. பட்டியல் ஆயிரம் ஆண்டாக நிற்கிறது. நாம் கல்லில் வெட்ட வேண்டாம். ஒரு படம், எடை, யார் கொடுத்தது, எந்தத் தோட்டத்தில் இருந்தபோது வாங்கியது என்று ஒரு தாளில் எழுதி நகைப் பெட்டியில் வைத்தால் போதும். பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

மூன்றாவதாக, பழையதை அணிய முடியவில்லை என்றால் பிரித்துக் கோக்கலாம். பத்துக் காசு மாலையை ஒரு பேத்தி மட்டும் வைத்திருப்பதைவிட, ஐந்து பேத்திகள் ஆளுக்கு இரண்டு காசாக மெல்லிய சங்கிலியில் அணியலாம். அறுந்த அட்டிகையின் நடுப்பதக்கத்தை மட்டும் எடுத்துப் புதிதாகக் கட்டலாம். ஆனால் அரக்கு நிரப்பிய பழைய நகையை நெருப்பில் காட்டக் கூடாது என்று தெரிந்த கைகளிடம் கொடுங்கள். காசில் துளை போடுவதைவிடக் கூடு செய்யச் சொல்லுங்கள்.

விற்றே ஆகவேண்டிய நெருக்கடி என்றால் விற்றுவிடுங்கள். அதற்காக அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். அப்போதும் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து எடை போடாமல், அசல் காசுகளைத் தனியே பிரித்து நாணயம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். சில ஆண்டுகளின் காசுக்குத் தங்க விலைக்கு மேலேயும் மதிப்பு உண்டு. முடிந்தால் ஒரே ஒரு காசை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நாளை உங்கள் பேரன் பள்ளிக்கூடத்தில் "நம் மூதாதையர் எப்போது இந்த நாட்டுக்கு வந்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள்?" என்று ஒரு பாடம் படிப்பான். வீட்டுக்கு வந்து உங்களிடம் கேட்பான். அவன் உள்ளங்கையில் வைத்துக் காட்ட உங்களிடம் ஏதாவது இருக்கட்டும்.